தீக்குச்சி வேலி

ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தவர்களில் பாதிப் பேர் சாமியாராகிவிடுகிறார்கள். வாழ்க்கை என்றால் என்ன தெரியுமா என்று ஆரம்பித்து, கேட்கிறவன் பஸ்ஸைத் தவறவிடும்வரை விடமாட்டார்கள். எனக்கு அப்படி ஒரு ஞானமும் வரவில்லை. ஈரலில் சீழ் பிடித்தது, ஊசி வைத்து எடுத்தார்கள், பிழைத்தேன். ஆனால் எங்கள் டாலிகஞ்சில் இந்த மழைக்காலத்திலும் இரண்டு பேர் எனக்கு வந்த அதே மாதிரிக் காய்ச்சலோடு மலேரியா மாத்திரையை விழுங்கிக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கூடவே, அந்த வார்டில் நான் பார்க்க நேர்ந்த ஒரு மானங்கெட்ட விளையாட்டைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதை விட்டுவிட்டு என் நோயைச் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால் சந்தோஷமாக விட்டிருப்பேன்.

நான் அரசாங்கப் படகுப் பட்டறையில் பிட்டர். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வேலைக்கென்று இங்கே வந்து, போர்ட் பிளேயரின் ஓரத்தில் டாலிகஞ்சில் தகரக் கூரை வீட்டில் குடியிருப்பவன். முதலில் எனக்கு வந்தது வயிற்றுக்கடுப்பு. கஞ்சியும் மோரும் குடித்தேன், போய்விட்டது. போய்விட்டது என்றுதான் நினைத்தேன். சில வாரம் கழித்து சாயங்காலமானால் குளிர ஆரம்பித்தது. பிறகு காய்ச்சல், அதன் பிறகு பாய் நனையும் அளவுக்கு வியர்வை. டிஸ்பென்சரிக்குப் போனேன். இந்தத் தீவில் காய்ச்சல் என்று வாயைத் திறந்தாலே கம்பவுண்டரின் கை மலேரியா மாத்திரை டப்பாவுக்குப் போய்விடும். என் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. மாத்திரை தின்றதும் இரண்டு நாள் குறைவது போலக் காட்டிவிட்டு, காய்ச்சல் திரும்பவும் வந்தது.

அதோடு வலது தோளில் ஒரு வலி. பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவனுக்குத் தோள் வலிக்காமல் என்ன செய்யும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். என் மனைவி மரியபுஷ்பம் தினமும் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டாள். பக்கத்து வீட்டு மலையாளி அம்மா ஏதோ தைலம் கொடுத்தாள். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் தோளில் கட்டிக்கொள்ளக் கயிறு மந்திரித்துக் கொடுத்தார். தோளுக்கு ஒன்றுமே இல்லை, கோளாறு ஈரலில் என்பது எங்கள் நால்வருக்கும் தெரியாது. ஈரல் வீங்கி மேலே முட்டினால், அந்த வலி தோளில் போய்த் தெரியுமாம். இதைப் பிறகு டாக்டர் சொன்னபோது, வீணாய்ப்போன எண்ணெயை நினைத்து புஷ்பத்துக்குக் கோபம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் பெஞ்சைப் பற்றி என்ன சொல்ல. அதில் உட்கார்ந்திருப்பவன் எல்லோருக்கும் பக்கத்தில் இருப்பவனுடைய நோய் தெரியும். தன் நோய் மட்டும் தெரியாது. ஒரு ஆள் எனக்குக் காமாலை என்றான். இன்னொரு ஆள், குடிக்கிறதை நிறுத்து தம்பி என்று இந்தியில் புத்தி சொன்னான். நான் குடிப்பதில்லை. பதில் சொல்லத் தெம்பும் இல்லை. உள்ளே இருந்த தெலுங்கு டாக்டர் சின்ன வயசுக்காரர். பேசாமல் என் வலது விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். நான் போட்ட கத்தலில் வெளியே பெஞ்சில் பேச்சு நின்றது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மலத்தைச் சோதித்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற தசைத் தட்டு வலப்பக்கம் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பதை டாக்டர் காட்டினார். கீழேயிருந்து ஈரல் அதை முட்டுகிறது. அன்றைக்கு வந்த வயிற்றுக்கடுப்புக் கிருமி குடலோடு நிற்காமல், ரத்தத்தோடு ஈரலுக்குப் போய் உட்கார்ந்து அங்கே சீழ்க்கட்டி வைத்திருக்கிறது. அமீபா என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன உயிர். கெட்ட தண்ணீரில் வருவது. கொதிக்க வைத்த தண்ணீரைக் குடித்திருந்தால் இவ்வளவும் இல்லை. நான் கொதிக்க வைத்த தண்ணீர் குடிக்கிறவர்களைச் சீமான் பிள்ளைகள் என்று கேலி பண்ணியவன்.

எமட்டின் என்ற ஊசி போட்டார்கள். அது கிருமியைக் கொல்லும். ஆனால் இருதயத்தையும் களைப்பாக்கிவிடுமாம். அதனால் அந்த ஊசி நடக்கிறவரை படுக்கையை விட்டு இறங்கக் கூடாது, எழுந்து உட்காரவும் கூடாது. நர்ஸ் நாடி பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில் என்று பெரிதாக எதுவும் இல்லை. செலவெல்லாம் புஷ்பத்தின் காலுக்குத்தான். டாலிகஞ்சிலிருந்து தூக்குச் சட்டியில் கஞ்சியும் முள் எடுத்த மீனும் கொண்டுவந்து, மேட்டில் ஏறி, ஊட்டிவிட்டு, வார்டு ஆயாவிடம் சிரித்துப் பேசி எனக்குச் சுத்தமான போர்வை வாங்கி வைத்துவிட்டு, திரும்பவும் இறங்கிப் போவாள். பஸ் வந்தால் பஸ், இல்லாவிட்டால் நடை. அவள் ஒரு நாளும் அலுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இனி விளையாட்டுக்கு வருகிறேன்.

எனக்கு அடுத்த கட்டிலில் ஹரிபாதா என்று ஒரு வங்காளி. வடக்கே திக்லிபூரில் அரசாங்கம் கொடுத்த நிலத்தில் நெல் போடுகிறவர். இந்தத் தீவுகளில் மான்கள் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டுப் போனது. அடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ இல்லாததால் பெருகிப் பெருகி, குடியேறியவர்களின் பயிரைத் தின்று வாழ்கிறது. ஹரிபாதா தன் வயலுக்குக் காவலாக மூங்கிலில் பரண் கட்டி, அதில் உட்கார்ந்து தகரம் தட்டுவார். ஒரு நாள் காவலிலேயே தூங்கிப் பரணிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கப்பலில் ஏற்றித் தெற்கே அனுப்பினார்கள். காலைத் தூக்கிக் கட்டி, அதன் நுனியில் எடைக்கல் தொங்கவிட்டிருந்தது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தார்.

அவருக்கு அந்தப் பக்கம் கணேசன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நிலம் சம்பந்தப்பட்ட ஒரு ஆபீசில் கிளார்க். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் வீடு. குடலிறக்க ஆபரேஷன் செய்து, தையல் சீழ் பிடித்து, போகவும் முடியாமல் இருக்கவும் பிடிக்காமல் கிடந்தார். குடியேறிகளுக்கு நிலம் பிரித்த பைல்களை வாழ்நாளெல்லாம் தூக்கிக் கொடுத்தவர். ஒரு முளைக்குச்சிகூட அடித்ததில்லை. அது கைகளைப் பார்த்தாலே தெரியும்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்து எக்ஸ்ரே படம் வந்த ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து, அதில் கட்டம் போட்டு, ஹரிபாதாவின் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு விளையாடினார்கள். அட்டையின் நடுவில் ஒரு பிடி பொரி. அதுதான் நெல் வயல். ஒருவர் வேலிக்காரர், மற்றவர் மான்காரர். வேலிக்காரர் தீக்குச்சிகளை ஒடித்து வயலைச் சுற்றி வேலி போடுவார். மருந்துக் குப்பியின் ரப்பர் மூடிகள் காவல் பரண். மான்காரரிடம் புளியங்கொட்டைகள். சோழியைக் குலுக்கிப் போட்டு, விழுந்த அளவுக்கு மானை அட்டையின் ஓரத்திலிருந்து நகர்த்த வேண்டும். பரணுக்குப் பக்கத்தில் வந்த மான் செத்தது. வேலியை முட்டிய மான் ஒரு குச்சியைத் தள்ளும், வேலிக்காரர் அதை அடைக்குமுன் அந்த இடைவெளியில் உள்ளே போன மான் பொரியைத் தின்னும். அதாவது மான்காரர் ஒரு வாய் பொரியை அள்ளி மென்றுவிடுவார். பேசிவைத்த தடவைகள் சோழி போட்டு முடியும்போது பொரி மிச்சமிருந்தால் அறுவடை, வேலிக்காரருக்கு ஜெயம்.

முதல் நாள் பார்த்தபோது, காய்ச்சலில் எனக்குத்தான் கண் பிசகிவிட்டது என்று நினைத்தேன். மானால் காலை முறித்துக்கொண்ட ஒரு மனிதன், முறிந்த காலோடு படுத்துக்கொண்டு, திரும்பவும் மானை விரட்டிக்கொண்டிருக்கிறான். அட்டையில் பரண் வைக்கிறபோது அந்த ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும். நிஜப் பரணில் அந்தக் கவனம் இருந்திருந்தால் இப்போது திக்லிபூரில் நின்றுகொண்டிருந்திருப்பார்.

கணேசனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவருக்கு வேலி போடுவதில்தான் உயிர். மான் பக்கம் விளையாடச் சொன்னால் முகம் சுண்டிப்போகும். வேலிக்கு உள்ளே இரண்டாவது வேலி. மூலைக்கு மூலை பரண். பிறகு வாசல். தீக்குச்சியின் மருந்துத் தலையெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கிய வாசல். அதனால் மானுக்கு ஒரு தடையும் இல்லை. அழகாம். மான் வருகிற நேரத்தில் குச்சி போதாமல் போனாலும் வாசலிலிருந்து ஒரு குச்சி எடுக்க மாட்டார். நர்ஸ் மருந்து கொடுக்க வந்தால், அட்டையை ஆட்டிவிடாதீர்கள் சிஸ்டர் என்பார். தன் தையலைப் பற்றி அவர் அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

அசையாமல் படுத்திருப்பவனுக்குப் பார்க்க வேறென்ன இருக்கிறது. எவ்வளவு திட்டினாலும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பார்க்கப் பார்க்க, இதில் இவர்களை இழுப்பது எது என்று எனக்குப் பிடிபட்டது. ஜெயிப்பது இல்லை. மானைக் கொல்வதும் இல்லை. வேலி முழுதாக மூடி முடிந்து, முதல் சோழி இன்னும் விழாமல் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான். அப்போது இருவரும் பேசமாட்டார்கள். கணேசன் அட்டையை நாலு பக்கத்திலிருந்தும் சாய்ந்து சாய்ந்து பார்ப்பார். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. கெட்டது எதுவானாலும் அது வெளியே இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கண்ணில் படும். இந்த நிம்மதி வெளியே ஒருவனுக்கும் கிடைப்பதில்லை. ஹரிபாதாவுக்கு வயலில் கிடைக்கவில்லை, கணேசனுக்கு வீட்டிலோ ஆபீசிலோ கிடைக்கவில்லை. அட்டையில் ஒரு தீப்பெட்டிச் செலவில் கிடைக்கிறது. சோழி விழுந்ததும் போய்விடுகிறது. உடனே அழித்துவிட்டு அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கிறார்கள். வயதுக்கு வந்த ஆண்பிள்ளைகள் இப்படி ஒரு கால் நிமிஷ நிம்மதியைப் பொரியில் வாங்குவதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. இதை அவர்களிடமே சொன்னேன். கணேசன், உமக்குக் காய்ச்சல் என்றார். ஹரிபாதா சிரித்தார். அவர் சிரித்தால் வயிறு குலுங்கி வேலியெல்லாம் விழும். இருவரும் என்னை விட்டுவிட்டு அதை எடுத்து நிறுத்த ஆரம்பித்தார்கள்.

எமட்டின் ஊசி முடிந்தது. எழுந்து சாய்ந்து உட்காரலாம் என்றார்கள். ஆனால் காய்ச்சல் போகவில்லை. குறைந்த மாதிரி இருந்துவிட்டுச் சாயங்காலம் ஏறியது. இரண்டாவது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்தால் நல்ல சேதி இல்லை என்று வார்டுக்கே தெரியும். மருந்து கிருமியைக் கொன்றிருக்கும், ஆனால் சேர்ந்துவிட்ட சீழ் போக இடமில்லாமல் அப்படியே இருக்கிறது, முன்னைவிடப் பெரிதாகவும் தெரிகிறது என்றார். விலா எலும்புக்கு நடுவில் பருத்த ஊசியைச் செருகி உறிஞ்சி எடுத்துவிட வேண்டும் என்றார்.

இதுவரை உடையாமல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். கட்டியைச் சுற்றி உடம்பு தானே ஒரு உறையை, ஒரு சுவரைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவர்தான் சீழை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. மேல்பக்கம் சுவர் மெலிந்து நெஞ்சை ஒட்டி இருக்கிறது. நெஞ்சுக்குள் உடைந்தால் நுரையீரல் கெடும், வயிற்றுக்குள் உடைந்தால் பிழைப்பது கஷ்டம். பெரிய ஆபரேஷன் என்றால் மெயின்லேண்டுக்குத்தான் போக வேண்டும், கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன். சுவர். உடம்பு சுவர் கட்டியிருக்கிறது. அப்படியானால் அதை எதற்கு ஓட்டை போட வேண்டும்? ஊசி குத்தினால் அந்த ஓட்டை வழியாகவே சீழ் உள்ளே கசியாதா? இருக்கட்டும், சுவர் தாங்கும், இன்னும் கொஞ்சம் நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். முந்தைய வாரம் ஒரு ஆளின் கட்டிலைத் தட்டி வைத்து மறைத்து, அவனுக்கு இதே மாதிரி ஊசி குத்தினார்கள். அந்தத் தட்டியை எடுத்தபோது கட்டில் காலியாக இருந்தது. அவனுக்கு வேறு நோய் என்றார்கள். கேட்கிறவன் காதில் அது ஏறுமா?

அதற்குப் பிறகு தினமும் டாக்டர் வருவார், நான் இன்று பரவாயில்லை என்பேன். காலையில் காய்ச்சல் குறைந்திருக்கும், அதைச் சாட்சி காட்டுவேன். மூச்சு இழுத்தால் வலிப்பதை மறைத்துச் சின்னச் சின்னதாக மூச்சு விடப் பழகிக்கொண்டேன். நர்ஸ் தெர்மாமீட்டர் வைக்கும் நேரம் பார்த்து முன்கூட்டியே குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்தேன். அவள் அதைக் கண்டுபிடித்து டாக்டரிடம் சொல்லிவிட்டாள். டாக்டர் அடுத்ததாகப் புஷ்பத்திடம் போனார்.

அவள் தூக்குச் சட்டியைத் திறக்காமலே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"டாக்டரு ஊசி வச்சு எடுக்கணும்ங்காரு. நீங்க வேண்டாம்ங்கீயளாமே."

"சுவரு இருக்குல்லா புஷ்பம். ஒடம்பே கட்டி வச்சிருக்கு."

"எத்தன நாளைக்கு நிக்கும்னு அதுட்ட கேட்டியளா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கஞ்சியை ஸ்டூலில் வைத்துவிட்டு, ஊட்டாமல், சொல்லாமல் போய்விட்டாள். அத்தனை நாளில் அப்படி அவள் போனது அது ஒரு தடவைதான். எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கண்ணில் பட்டது கணேசன்.

அவர் அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தார். மூன்று ஆட்டம் தொடர்ந்து மானாக இருந்த ஹரிபாதா, இனி முடியாது, பொரி தின்று வயிறு உப்பிவிட்டது என்று சொல்லிவிட்டார். கணேசன் என்னைப் பார்த்து, சும்மா திட்டுவதற்குப் பதில் ஒரு ஆட்டம் மானாக இருந்து பாருமேன் என்றார். சரி என்றேன். இந்த மனிதனின் வேலியை அவர் கண்ணெதிரிலேயே கேவலப்படுத்திவிட வேண்டும் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

என் கட்டிலிலிருந்து கை நீட்டினால் ஹரிபாதாவின் வயிறு எட்டும். கணேசன் குச்சிகளை ஒடித்து எண்ணிக்கொண்டிருந்தபோது, பொரிக் குவியலின் அடியில் ஒரு புளியங்கொட்டையைத் தள்ளிவிட்டேன். அவர் கவனிக்கவில்லை. சுற்றிலும் வேலி போட்டார். உள்வேலி போட்டார். பரண் வைத்தார். வாசலை மூடினார். நாலு பக்கமும் சாய்ந்து பார்த்தார். அந்த நிம்மதி முகத்தில் வந்து உட்காரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. அப்போது சோழியைக்கூட எடுக்காமல், பொரியை ஒதுக்கிக் கொட்டையைக் காட்டினேன்.

"இதென்ன சார் அநியாயம்? மான் எப்படி உள்ள வந்துது?"

"வேலி முடியுததுக்கு முன்னாடியே வந்துட்டு. நீரு பாக்கல."

கணேசன் கத்த ஆரம்பித்தார். மான் வெளியிலிருந்துதான் வர வேண்டும், அதுதான் விதி, எல்லா ஆட்டத்திலும் அப்படித்தான் என்றார். எந்த மானிடம் போய் அந்த விதியைச் சொன்னீர் என்று கேட்டேன். சோழியைப் போட்டேன். என் மான் தின்றது. எனக்குப் பொரி ஆகாது, ஒரு பிடி அள்ளி ஹரிபாதாவின் நெஞ்சில் வைத்தேன். திரும்பவும் போட்டேன், திரும்பவும் தின்றது. கணேசனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பரண் எல்லாம் வெளியே பார்த்து நின்றது. உள்ளே வந்து மானை விரட்ட வேண்டுமானால் அவருடைய வாசலை அவரே பிரிக்க வேண்டும். பிரிக்க மனசு வரவில்லை. மாறாக, என்ன செய்தார் தெரியுமா? வேலியை இன்னொரு வரிசை உயர்த்தினார். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போதுதான் ஹரிபாதா சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். வழக்கமாக இந்த அளவுக்குச் சண்டை வந்தால் வயிறு குலுங்கி அட்டை கவிழ்ந்திருக்க வேண்டும். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தர் ஹீ தா, பாய்," என்றார். உள்ளேயேதான் இருந்தது என்று.

எது என்று நானும் இந்தியிலேயே கேட்டேன். அவர் சொன்னார். திக்லிபூர் போன முதல் சில வருடங்களில் பாதி வேலி, கால் வேலி என்று போட்டு மானிடம் பயிரைக் கொடுத்துக் கொடுத்து வெறுத்துப்போய், ஒரு கோடையில் அவரும் மனைவியும் மூங்கில் பிளந்து, பிரம்பால் கட்டி, நிலம் முழுவதையும் சுற்றி ஆள் உயர வேலி போட்டார்களாம். அந்தப் பக்கத்திலேயே அப்படி ஒரு வேலி இல்லை. பக்கத்து நிலக்காரர்கள் பார்க்க வந்தார்கள். நாற்று எழுந்ததும் ஒரு காலையில் பார்த்தால் ஒரு மூலை மேய்ந்து கிடக்கிறது. வேலி உயரம் போதவில்லை என்று உயர்த்தினார். மறுபடியும் மேய்ந்தது. முள் வைத்தார். மறுபடியும் மேய்ந்தது. பரணில் ஏறி வெளியே காட்டைப் பார்த்தே காவல் இருந்தார். ஒரு மானும் வெளியிலிருந்து வரவில்லை. நிலத்தின் நடுவில் ஓடுகிற ஓடையோரப் புதரில், வேலி மூடிய அன்றைக்கே இரண்டு மான் இருந்திருக்கிறது. வெளியே போக நினைத்தாலும் போக வழியில்லை. உள்ளேயே தின்று, உள்ளேயே தண்ணீர் குடித்து, குட்டியும் போட்டுவிட்டது.

புதரில் மான் புழுக்கையைப் பார்த்துவிட்டு மனைவிதான் சொன்னாளாம், ஒரு பக்கம் வேலியை வெட்டிவிடு, போகட்டும் என்று. இவர் வெட்டவில்லை. அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய வேலியில் கத்தி வைக்க மனசு வரவில்லை. வேலி நல்ல வேலி, குற்றம் வேலியில் இல்லை என்று அவளிடம் சண்டை போட்டார். உள்ளேயே துரத்திப் பிடித்துவிடலாம் என்று சில நாள் ஓடினார். மிச்சமிருந்த நாற்றை மானும் இவருமாக மிதித்துத் தீர்த்தார்கள். கடைசியில் காப்பாற்ற ஒன்றும் இல்லாத நிலத்தில் நின்றுகொண்டு வேலியை வெட்டினார். மான்கள் அவசரமே படாமல் குட்டியைக் கூட்டிக்கொண்டு நடந்து போனதாம். அந்த வருடம் கடன் அரிசிதான் சாப்பிட்டார்கள்.

கணேசன், அதனால்தான் மான் வெளியிலிருந்து வர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம் என்றார். அந்த மனிதருக்கு அவ்வளவுதான் விளங்கியது. அட்டையைக் கலைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் குச்சி ஒடிக்க ஆரம்பித்தார். இப்போதும் டெலானிபூரில் அவரை எங்கேயாவது பார்த்தால், அன்று நான் செய்தது தப்பாட்டம் என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்.

நான் அவர்களுக்கு முதுகு காட்டித் திரும்பிப் படுக்கப் பார்த்தேன். வலப்பக்கமாகப் படுக்க முடியவில்லை, அதனால் மல்லாந்து கிடந்தேன். இவ்வளவு நேரம் ஒரு கிளார்க்கை முட்டாள் என்று திட்டிய எனக்கு, என் உடம்பு அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதும், நான் பரணில் உட்கார்ந்து வெளியே பார்த்துத் தகரம் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதும் அப்போது விளங்கியது. சீழைச் சுற்றி நல்ல சுவர். அதற்குள் சீழ் பெருத்துக்கொண்டிருக்கிறது. சுவரில் குறை இல்லை என்று நான் டாக்டரிடமும் புஷ்பத்திடமும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என் மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. கணேசனாவது பொரியைத்தான் இழந்தார்.

நர்ஸைக் கூப்பிட்டு, டாக்டரை வரச் சொல்லுங்கள், குத்தட்டும் என்றேன். பயம் போய்விடவில்லை. சொல்லிவிட்டு நடுங்கினேன். ஹரிபாதா கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை. அவருக்கு என் நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது, தமிழும் தெரியாது.

மறுநாள் காலையில் செய்தார்கள். என்னை உட்கார வைத்து, ஒரு தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிவைக்கச் சொன்னார்கள். முதலில் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. அதற்குப் பிறகு பருத்த ஊசி. வலி என்பதைவிட, உள்ளே ஏதோ ஒன்று தள்ளுகிறது, பிறகு சட்டென்று இடம் கொடுக்கிறது. அந்த இடம் கொடுத்ததுதான் சுவர் என்று டாக்டர் பிறகு சொன்னார். மூச்சை அடக்கு என்றால் அடக்க வேண்டும், இருமக் கூடாது. இதைப் படிக்கிறவர் யாருக்காவது இது நேர்ந்தால், தெரிந்துகொள்ளுங்கள், தாங்க முடியும். தாங்க முடியாதது அதற்கு முந்தின நாட்கள்தான். பெரிய சிரிஞ்சில் இழுத்து இழுத்துக் கிண்ணத்தில் ஊற்றினார்கள். நான் கண்ணை மூடி, தெரிந்த ஜெபங்களையெல்லாம் பாதிப் பாதியாகச் சொன்னேன். எதுவும் முழுசாக வரவில்லை.

இழுக்க இழுக்கத் தோள் வலி குறைந்தது. எண்ணெய்க்கும் தைலத்துக்கும் மந்திரித்த கயிற்றுக்கும் போகாத வலி. முடித்ததும் ஒரு முழு மூச்சு இழுத்தேன். எத்தனை வாரமாக அப்படி ஒரு மூச்சு இழுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சத்தமாகவே அழுதேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் புஷ்பம் நின்றுகொண்டிருந்தாள். முந்தின நாள் கோபித்துக்கொண்டு போனவள், சொல்லி அனுப்பாமலே விடியற்காலையில் வந்து நின்றிருக்கிறாள். டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டுக் கிண்ணத்தைக் காட்டினார். கெட்ட தண்ணீரால் வந்தது என்பதை அவள் மறக்கக் கூடாது என்று காட்டினாராம். நானும் எட்டிப் பார்த்தேன். மஞ்சளாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கருப்பட்டியைக் காய்ச்சிய பாகு மாதிரி, கருஞ்சிவப்பாக, கொழகொழவென்று, கிண்ணம் நிறைய இருந்தது. பக்கத்தில் இன்னொரு கிண்ணத்திலும் இருந்தது.

அவள் இரண்டு கிண்ணத்தையும் நன்றாகப் பார்த்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"இதுக்கா இத்தன நாளு காவலு இருந்தீய?"